31 வயதில், வாடகை மாடி வீட்டில் இருந்துகொண்டு ட்ரம்ஸ் பழக முடியுமா?

கேள்வி இதுதான்: "வயது 31. கஞ்சிக்கோட்டில் ஷிப்டு வேலை. கொழிஞ்சாம்பாறையில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். சின்ன வயதிலிருந்தே ட்ரம்ஸ் வாசிக்க ஆசை, இப்போதுதான் கையில் கொஞ்சம் காசு நிற்கிறது. தவணையில் எலெக்ட்ரானிக் செட் எடுத்துவிடலாமா? இந்த வயதில் கை வளையுமா? பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, யூடியூப் பார்த்தே பழகிவிட முடியுமா?"

தம்பி, மூன்றுக்கும் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். கை வளையும். செட் இப்போது வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தாளம் தெரிந்த ஆள் இல்லாத ஊர் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பாதி மலையாளம். பன்னிரண்டு வயதில் ஒரு ஆசானிடம் செண்டை பழகப் போனேன், மூன்று வருடம். அதன் பிறகுதான் ட்ரம்ஸ். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கானமேளா (மேடையில் சினிமாப் பாட்டுக் கச்சேரி), கல்யாணக் கச்சேரி, சர்ச் கொயர் என்று பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச வருடங்களாகச் சொல்லியும் கொடுக்கிறேன். வந்தவர்களில் ஆறு வயதுப் பிள்ளையும் உண்டு, ரிட்டையர் ஆன தபால்காரரும் உண்டு.

ஆசானிடம் போன முதல் நாள் எனக்குச் செண்டையைத் தொடத் தரவில்லை. திண்ணையில் ஒரு கருங்கல். கையில் புளியங்கட்டையில் செதுக்கிய இரண்டு கட்டை, புளிமுட்டி என்பார்கள். கணபதிக்கை என்ற முதல் பாடத்தை அந்தக் கல்லின் மேல்தான் தட்ட வேண்டும். விடியற்காலை இருட்டில், கர்க்கடக மழை, நம் ஆடி மாத மழை, ஓட்டில் கொட்டிக்கொண்டிருக்க, ஏழெட்டுப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து கல்லைத் தட்டிக்கொண்டிருப்போம். மாதக்கணக்கில் அதுதான். கனமான கட்டை, கல்லோ கையைத் திருப்பித் தள்ளாது, அதனால் ஒவ்வொரு அடியையும் மணிக்கட்டுதான் தூக்க வேண்டும். அந்த மாதங்களில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு செண்டைத் தோலில் கை விழுந்த அன்று, விரல் தானாகத் துள்ளியது. ஆசான் ஏன் கல்லில் உட்கார வைத்தார் என்று அன்றைக்குப் புரிந்தது. செண்டையின் சத்தம் கேட்டுவிட்டால் பையன் சத்தத்துக்கு மயங்கிவிடுவான், கையைப் பார்க்க மாட்டான்.

செட் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். உங்களுக்குக் கல் வேண்டாம், ட்ரம்ஸ் ஸ்டிக்கின் நுனி கல்லில் பிளந்துவிடும். பிராக்டிஸ் பேட் என்று ஒன்று விற்கிறது, ரப்பர் ஒட்டிய வட்டப் பலகை. மேசை மேல் வைத்துத் தட்டலாம். ஒரு ஜோடி ஸ்டிக், ஒரு பேட், போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மெட்ரோனோம், அதாவது சீராகத் தட்டி வேகம் காட்டும் ஆப். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு தவணைப் பணம்கூட ஆகாது. ஆறு மாதத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. கீழ்வீட்டு ஓனர் கதவைத் தட்டவும் மாட்டார்.

ஸ்டிக் வாங்கும்போது 5ஏ என்று கேளுங்கள். ஏறக்குறைய 16 அங்குல நீளம், 14 மில்லிமீட்டர் கனம், ஹிக்கரி மரம். பெரும்பாலோர் தொடங்குவது இதில்தான். 7ஏ அதைவிட மெல்லிசு, 5பி கொஞ்சம் கனம். கடையில் இரண்டு ஸ்டிக்கையும் கண்ணாடி மேசை மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்தது குதித்துக் குதித்து உருளும், நேரானது வழுக்கிக்கொண்டு போகும். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிக் காதோரம் மேசையில் தட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் கேட்டால் எடை ஒத்திருக்கிறது என்று அர்த்தம். கம்பெனிப் பெயரைவிட இந்த இரண்டு சோதனை முக்கியம்.

சரி, இப்போது பிடி. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தப்பாகப் பழகி வந்து, அதைக் கழற்றவே மூன்று மாதம் ஆகிறது.

ஸ்டிக்கின் பின்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் முதல் மடிப்புக்கும் நடுவில் லேசாகப் பிடியுங்கள். அந்த இடம்தான் கீல். மற்ற மூன்று விரலும் ஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும், நெருக்க வேண்டாம். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். இப்போது ஸ்டிக்கை ஒரு சாண் உயரத்திலிருந்து பேட் மேல் வெறுமனே விழ விடுங்கள். அடிக்காதீர்கள், விடுங்கள். அது தானாக எழும்பி வரும். எழும்பி வருகிற அந்த ஸ்டிக்கைத் தடுக்காமல் பழைய உயரத்துக்கே போக விடுவதுதான் ட்ரம்ஸ் வாசிப்பின் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான். கையை இறுக்கினால் ஸ்டிக் பேட்டிலேயே ஒட்டிக்கொண்டு 'டொக்' என்று செத்த சத்தம் வரும். விட்டுப் பிடித்தால் 'டக்' என்று திறந்த சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டுக்கும் வித்தியாசம் கேட்கும் வரைக்கும் இதை மட்டும் செய்யுங்கள். வலது கை ஐம்பது, இடது கை நூறு. இடது கைக்கு இரண்டு மடங்கு, எப்போதும்.

இறுக்கிப் பிடித்து வாசித்ததில் எனக்கு ஒரு வருடம் போனது. செண்டையில் கோலைப் பிடிக்கும் பழக்கத்தோடு ட்ரம்ஸுக்கு வந்தேன். ஒரு உற்சவ சீசனில் தொடர்ந்து பதினேழு கானமேளா. சீசன் முடிந்தபோது வலது மணிக்கட்டில் டம்ளர் தூக்க முடியாத வலி. மூன்று மாதம் ஸ்டிக்கைத் தொடவில்லை. திரும்பி வந்து பேட்டில் முதலிலிருந்து 'விழ விடு' பாடத்தைத் தொடங்கினேன். இப்போது நான்கு மணி நேரம் வாசித்தாலும் கை வலிக்காது. வலி வந்தால் நிறுத்துங்கள். தசை களைப்பது வேறு, மூட்டில் குத்துவது வேறு. குத்தலைத் தாண்டி வாசித்தால் கை உறுதியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிடி வந்தபின் மூன்று வரிசை. வலதுக்கு 'வ', இடதுக்கு 'இ' என்று வைத்துக்கொள்வோம்.

வ இ வ இ, வ இ வ இ. இது ஒற்றை அடி.
வ வ இ இ, வ வ இ இ. இது இரட்டை அடி.
வ இ வ வ, இ வ இ இ. இதற்குப் பாரடிடில் என்று பேர்.

ட்ரம்ஸ் உலகில் இப்படிப்பட்ட அடிப்படை வரிசைகளை ரூடிமெண்ட் என்பார்கள். அமெரிக்காவில் 1933-இல் ஒரு சங்கம் 13 வரிசைகளை அவசியம் என்று வகுத்தது, அது 26 ஆனது. 1984-இல் 40 என்று ஆக்கினார்கள். நாற்பதையும் பார்த்து மலைத்துப் போக வேண்டாம். மேலே சொன்ன மூன்றும் உங்கள் கையில் ஒழுங்காக இருந்தால் கானமேளாவில் முக்கால்வாசிப் பாட்டுக்கு உட்காரலாம். நான் மனதறிந்து சொல்கிறேன்.

மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். நொடிக்கு ஒரு தட்டு. ஐந்து நிமிடம் தட்டுக்கு ஒரு அடி. இது எளிது என்று தோன்றும். செய்து பாருங்கள், இவ்வளவு இடைவெளியில் அடியைச் சரியான இடத்தில் வைப்பது கஷ்டம். அவசரப்படும் கை தட்டுக்கு முன்னாலேயே விழும். தட்டுச் சத்தம் உங்கள் அடிக்குள் மறைந்து காணாமல் போனால், நீங்கள் சரியாக அதன் மேல் விழுந்திருக்கிறீர்கள். அப்புறம் தட்டுக்கு இரண்டு, அப்புறம் நான்கு. வேகத்தைக் கூட்டுவது வாரத்துக்கு நான்கைந்து எண் போதும். கூட்டியதும் கை இறுகினால் பழைய எண்ணுக்கே திரும்புங்கள்.

இந்த 'மெதுவாகத் தொடங்கு' என்பது மேற்கத்திய வாத்தியார்கள் கண்டுபிடித்தது அல்ல. நம் பக்கத்துக் கோயில்களில் பஞ்சாரி மேளம் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஐந்து காலம், அதாவது ஐந்து வேகப் படி. முதல் காலத்தில் தாளத்தின் ஒரு சுற்று 96 அட்சரம், அதாவது 96 எண்ணிக்கை. அடுத்தது 48, அப்புறம் 24, 12, கடைசியில் 6. கூட்டம் குதிப்பது கடைசிக் காலத்தில்தான், போனில் படம் பிடிப்பதும் அப்போதுதான். ஆனால் மேளம் தெரிந்தவர்கள் நேரத்தோடு போய் முன்வரிசையில் நின்று கேட்பது அந்த 96-ஐ. அத்தனை நீளமான சுற்றில் அத்தனை பேரும் ஒன்றாக வந்து விழுவதில்தான் வித்தை இருக்கிறது. அது கூடிவிட்டால் 6 அட்சரம் தானாக ஓடும். 60-இல் உட்கார்ந்து எரிச்சல் வரும்போதெல்லாம் பஞ்சாரியின் முதல் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரம்ஸ் செட் என்றால் என்ன என்பதையும் நான் மேளத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபடுகிறது. மேளத்தில் முன்வரிசையில் உருட்டுச் செண்டைக்காரர்கள். பின்வரிசையில் வீக்கன் செண்டை, கனத்த தோல் பக்கத்தில் ஒரே சீராக அடி போட்டுத் தாளத்தைத் தாங்குகிறவர்கள். கூடவே இலத்தாளம், கையில் பிடித்துத் தட்டும் ஜோடித் தட்டு. கொம்பும் குழலும் வேறு. இத்தனை பேர் செய்வதை ஒரே ஆள் இரண்டு கை, இரண்டு காலால் செய்வதற்காக அமைந்ததுதான் செட். ஸ்நேர், அதாவது முன்னால் இருக்கும், கையால் அடிக்கும் முக்கிய ட்ரம், உங்கள் உருட்டுச் செண்டை. காலால் அடிக்கும் பேஸ் டிரம், அதாவது கிக், உங்கள் வீக்கன். ஹை-ஹாட் உங்கள் இலத்தாளம், அதே ஜோடித் தட்டுதான், கைக்குப் பதிலாகக் கால் அதைச் சேர்க்கிறது, திறக்கிறது.

வெளிநாட்டிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. பேஸ் டிரம்முக்கு ஒருவர், ஸ்நேருக்கு ஒருவர், சிம்பலுக்கு ஒருவர். ஒரே ஆள் கையாலேயே இரண்டையும் சமாளித்த காலமும் உண்டு. லுட்விக் என்ற அமெரிக்க டிரம்மர் 1909-இல் நல்ல வேகமான கால் பெடலுக்குக் காப்புரிமை வாங்கினார். கைகள் இரண்டும் விடுதலை ஆயின. 1920-களில் ஹை-ஹாட் ஸ்டாண்டு வந்து இடது காலுக்கும் வேலை கொடுத்தது. நீங்கள் பழகப் போகும் வாத்தியத்துக்கு வயது அவ்வளவுதான். தவிலுக்கும் செண்டைக்கும் பக்கத்தில் வைத்தால் இது நேற்றுப் பிறந்த குழந்தை.

அதனால் ஒரு யோசனை. நான்கு உறுப்பையும் நான்கு ஆளாக நினைத்துத் தனித்தனியாகப் பழக்குங்கள், பிறகு சேருங்கள். இதற்குத் தாளத்தை வாயால் சொல்லும் நம் சொல்லுக்கட்டைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. வாயால் சொல்லுங்கள்:

தக திமி தக ஜொணு

எட்டு எழுத்து. வலது கை எட்டிலும் விழட்டும், அதுதான் ஹை-ஹாட். வலது கால் இரண்டு 'த'-விலும். இடது கை 'தி'-யிலும் 'ஜொ'-விலும், அது ஸ்நேர். அவ்வளவுதான், உலகத்தில் பாதி சினிமாப் பாட்டுக்கு இதுதான் அடி. செட் இல்லாமலேயே பழகலாம். நாற்காலியில் உட்கார்ந்து வலது தொடையில் வலது கை, இடது தொடையில் இடது கை, தரையில் வலது கால். முதலில் வாயும் வலது கையும் மட்டும், பத்து நிமிடம். அடுத்த நாள் வலது காலையும் சேருங்கள். மூன்றாம் நாள் வலது காலை நிறுத்திவிட்டு இடது கையைச் சேருங்கள். நான்காம் நாள் எல்லாம். கை கால் குழம்பும்போது வாயை நிறுத்தாதீர்கள். வாய் ஓடினால் கை வழிக்கு வந்துவிடும். வாய் நின்றால் எல்லாம் நிற்கும்.

குத்துப் பாட்டுக்கு வேறு நடை. 'தகிட தகிட' என்று ஆறு. வலது கை ஆறிலும், கால் முதல் 'த', ஸ்நேர் இரண்டாவது 'த'. கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் ஜமாப் மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நடை உடம்பிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டில் ஜமாப் வந்ததும் உங்கள் கால் எப்படி ஆடுகிறதோ, அப்படியே வாசிக்க வேண்டியதுதான். யூடியூபில் வெளிநாட்டு வாத்தியார்கள் சிலர் இந்த ஆறு எண்ணிக்கையைப் பின்னால் தள்ளி வைப்பார்கள். நமக்கு அது முதல் வாரப் பாடம்.

சொல்லுக்கட்டை அசட்டை செய்யாதீர்கள். பாலக்காட்டு மண்ணில் மிருதங்கம் வளர்ந்தது இப்படி வாயில் சொல்லிச் சொல்லித்தான். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) வாசிப்பைப் பதிவுகளில் கேளுங்கள். பாட்டின் நடுவே அவர் விடுகிற இடைவெளிகளைக் கவனியுங்கள், எங்கே அடிக்கவில்லை என்று கேளுங்கள். ட்ரம்ஸ் பழகுகிறவனுக்கு மிருதங்கம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். நான் என் மாணவர்களுக்குக் கேட்கக் கொடுக்கும் முதல் பத்தில் அவர் இருப்பார், நம் சிவமணியும் இருப்பார்.

இப்போது வயது விஷயம். 31 வயசுக்காரருக்கு ஆறு வயசுக் குழந்தையைவிடக் கை மெதுவாக வளையும், உண்மைதான். ஆனால் குழந்தைக்கு ஏன் செய்கிறோம் என்று தெரியாது, உங்களுக்குத் தெரியும். நான் பார்த்த வரையில் பெரியவர்களைத் தோற்கடிப்பது வயது அல்ல, ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்கத் தொடாமல் ஞாயிறு அன்று மூன்று மணி நேரம் உட்காருவார்கள். நாலு வாரத்தில் விட்டுவிடுவார்கள். ஷிப்டு வேலையில் நேரம் மாறும் என்பது எனக்குத் தெரியும். அதனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். 'வேலையிலிருந்து வந்து, குளித்து, சாப்பிடுவதற்கு முன் 20 நிமிடம்' என்று ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். நைட் ஷிப்டானாலும் குளிப்பீர்கள், சாப்பிடுவீர்கள் அல்லவா? தினமும் 20 நிமிடம் போதும். ஒரு நாள் விட்டால் பரவாயில்லை, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடாதீர்கள். அந்த ரிட்டையர் ஆன தபால்காரர் அப்படித்தான் பழகினார். ஒன்றரை வருடத்தில் சர்ச் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு உட்கார்ந்தார். 'விழ விடு' பாடத்தை அவரைவிட அழகாகச் செய்த மாணவர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மாதம் ஒரு தடவை போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து வையுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். வாசிக்கும்போது கேட்காத தவறு பதிவில் கேட்கும், குறிப்பாக டெம்போ, அதாவது வேகம், கைமீறி ஓடுவது.

யூடியூப் பற்றி: பாடம் கிடைக்கும், ஏராளமாக, நல்லதாகவும். ஆனால் அது உங்கள் கையைப் பார்க்காது. பிடி தப்பா, தோள் தூக்கிக்கொண்டிருக்கிறதா, மூச்சை அடக்கிக்கொண்டு வாசிக்கிறீர்களா என்று சொல்ல ஒரு மனுஷன் வேண்டும். வாரா வாரம் வேண்டாம், மாதம் இரண்டு தடவை போதும். எங்கே தேடுவது? பக்கத்து சர்ச்சில் கொயர் இருந்தால் அங்கே செட் இருக்கும், வாசிக்க ஒரு பையன் இருப்பான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போய் நின்று பேசுங்கள். மதம் பார்த்து யாரும் விரட்ட மாட்டார்கள், நான் முதன்முதலில் செட்டில் உட்கார்ந்தது அப்படி ஒரு சர்ச்சில்தான். கானமேளா குழுக்களின் ரிகர்சல் நடக்கும் இடத்துக்குப் போய் மூலையில் உட்கார அனுமதி கேளுங்கள். செண்டை ஆசான்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ட்ரம்ஸ்தான் பழகப் போகிறீர்கள் என்றாலும் மூன்று மாதம் கல்லில் தட்டிவிட்டு வந்தால், நான் உங்கள் கையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன். கொஞ்சம் முறையாகப் போக ஆசை என்றால் பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, மிருதங்கம் பாடமாக உண்டு. ட்ரம்ஸுக்கே பரீட்சை எழுத வேண்டுமென்றால் லண்டன் டிரினிட்டி தொடக்க நிலையிலிருந்து எட்டாம் கிரேடு வரை நடத்துகிறது. பரீட்சை வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். சிலருக்குத் தேதி வைத்தால்தான் கை ஓடும்.

ஒரு நாள் லீவு கிடைத்தால் பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு போகும் வழியில் இருக்கும் பெருவெம்பா போய்விட்டு வாருங்கள். தலைமுறை தலைமுறையாக மிருதங்கம், மத்தளம், செண்டை எல்லாம் செய்யும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பலாமரத்தைக் குடைந்து, தோலை ஊறவைத்து, வாரை இழுத்துக் கட்டுவதை ஒரு மணி நேரம் பார்த்தால் ட்யூனிங் என்றால் என்ன என்று கண்ணால் புரிந்துவிடும். நம் ட்ரம்ஸில் தோலுக்குப் பதில் பாலியெஸ்டர் படலம். 1950-களின் இறுதியில் அது கடைக்கு வந்தது. அதற்கு முன் ட்ரம்ஸ்காரர்களும் கன்றுத் தோலில்தான் வாசித்தார்கள், மழை வந்தால் தொய்ந்து போகும், நம் செண்டைக்காரர்கள் ஆடி மாதத்தில் படும் அதே பாடு. வாரை இழுப்பதற்குப் பதிலாக நமக்குத் திருகு. ஒன்றைத் திருகினால் அடுத்தது எதிர்ப்பக்கத்துத் திருகு, எப்போதும் குறுக்காக. வரிசையாகத் திருகிக்கொண்டே போனால் படலம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

காது விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டும். என் இடது காதில் பதினோரு வருடமாக ஒரு ரீங்காரம் இருக்கிறது. இராத்திரி எல்லாம் அடங்கின பிறகு ஒரு சின்ன வண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது மாதிரி கேட்கும். ஹை-ஹாட் என் இடது பக்கம். வருடக்கணக்கில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வாசித்தேன், மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் வேறு. டாக்டர் பரிசோதித்துவிட்டு, போன கேட்கும் திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார். வேலையிடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இது: 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதி. அப்படியே கணக்குப் போட்டால் 100 டெசிபெல்லில் 15 நிமிடம். ட்ரம்ஸ் செட் அறைக்குள் சுலபமாக 100-ஐத் தொடும். பேட்டில் பழகும் வரைக்கும் கவலையில்லை. செட்டில் உட்காரும் முதல் நாளே இயர்பிளக் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு போதாது. கம்பெனியில் இரைச்சல் அதிகமுள்ள இடத்தில் கொடுக்கிறார்களே, அந்த ஃபோம் பிளக் கூடப் பரவாயில்லை. இசைக்காரர்களுக்கென்று தனியாக வருவது இன்னும் நல்லது, சத்தம் குறையும், தெளிவு போகாது.

கடைசியாக அந்தத் தவணை. ஆறு மாதம் பேட்டில் பழகி, 'தக திமி தக ஜொணு' 80 வேகத்தில் ஐந்து நிமிடம் கலையாமல் ஓடி, அப்போதும் ஆசை இருந்தால் வாங்குங்கள். மாடி வீடு என்றால் எலெக்ட்ரானிக் செட்தான், வேறு வழியில்லை. இரண்டு விஷயம் பார்த்து வாங்குங்கள். ஒன்று, பேட்கள் வலைத்துணி மாதிரியான மெஷ் ஆக இருக்கட்டும், ரப்பர் வேண்டாம். மெஷ்ஷில் ஸ்டிக் எழும்புவது நிஜ ட்ரம்முக்குக் கிட்டே இருக்கும், சத்தமும் குறைவு. இரண்டு, கிக் பெடல் நிஜப் பெடலாக இருக்கட்டும். சும்மா மிதிக்கும் சுவிட்ச் மாதிரி வருவதில் பழகினால் கால் கெட்டுப்போகும். கையால் அடிப்பது கீழ்வீட்டுக்குக் கேட்காவிட்டாலும் காலால் மிதிப்பது கேட்கும், ஹெட்போன் போட்டிருக்கும் உங்களுக்குத் தெரியாது. செட்டுக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள், கீழ்வீட்டில் முன்கூட்டியே போய்ச் சொல்லி, எந்த நேரம் தொந்தரவு இல்லை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் உயரம் முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்கும்படி. தாழ்வாக உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

பழைய செட் யாராவது விற்றாலும் பார்க்கலாம். சீசன் முடிந்ததும் கானமேளாக் குழுக்கள் கலையும், அப்போது நல்ல பெடலும் ஸ்டாண்டும் மலிவாகக் கிடைக்கும். சிம்பலில் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் சுற்றி வந்து பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் வேண்டாம்.

பங்குனி வந்தால் நெம்மாறை வல்லங்கி வேலை என்ற கோயில் திருவிழா வருகிறது, மீனம் 20-ஆம் தேதி, ஏப்ரல் முதல் வாரம். ஷிப்டு மாற்றிக்கொண்டு போங்கள். யானையும் வாணவேடிக்கையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் இலத்தாளக்காரர்களுக்குப் பின்னால் போய் நில்லுங்கள், காதில் பிளக்கோடு. அந்த வரிசையில் வயசான ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் கையை மட்டும் அரை மணி நேரம் பாருங்கள். தட்டு சேர்ந்ததும் எப்படி உடனே விட்டுவிடுகிறார் என்று பாருங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து பேட் முன்னால் உட்கார்ந்து, வலது ஐம்பது, இடது நூறு.